வீட்டுச் சொத்தை ஊருக்கு எழுதி வைத்தவர்

எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் (1839–1906)



போன மாதம் என் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வேலை கொண்டுவந்தாள். சார்ட் அட்டையில் ஒரு மரம் வரைந்து, அதன் கிளைகளில் குடும்பத்தார் பெயர்களை எழுத வேண்டுமாம். அப்பா, அம்மா, தாத்தா, ஆச்சி வரை அவளே எழுதிவிட்டாள். அதற்கு மேல் என்னிடம் வந்தாள். என் அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் சொன்னேன். தாத்தாவுக்கு அப்பா யார் என்று கேட்டாள். பூட்டன் பெயர் தாத்தாவின் அண்ணனுக்கு வைத்த பெயராகத்தான் இருக்கும் என்று யூகமாக ஒன்றைச் சொன்னேன். பூட்டியின் பெயரைக் கேட்டபோது எனக்கு வாயே திறக்கவில்லை. மரத்தின் மேல் பாதி வெறும் இலையாகவே பள்ளிக்கூடத்துக்குப் போனது.

இத்தனைக்கும் என் அப்பா ஒரு நீளமான கணக்கு நோட்டு வைத்திருந்தார். பருத்தி விலை, உளுந்து விலை, உழவுக் கூலி இவற்றுக்கு நடுவே யார் எப்போது பிறந்தார்கள், யார் எந்த ஊரில் பெண் எடுத்தார்கள், எந்தத் திதியில் யார் தவறினார்கள் என்பதையும் எழுதியிருந்தார். எப்போதும்வென்றானில் இருந்த வீட்டை விற்றுவிட்டுக் கோவில்பட்டிக்கு வந்தபோது, தகரப் பெட்டியோடு அந்த நோட்டையும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டவன் நான்தான். முப்பத்துநாலு வருஷம் வங்கியில் ஊரார் கணக்கையெல்லாம் பைசா பிசகாமல் எழுதினேன். சொந்தக் கணக்கை எடைக்குப் போட்டேன்.

அந்த மன உறுத்தலில்தான் இந்த இதழுக்கு ஒருவருடைய கதையை எழுதலாம் என்று தோன்றியது. நம்மூரிலிருந்து பஸ் ஏறினால் அரை மணியில் வந்துவிடும் எட்டயபுரத்தில் வாழ்ந்தவர். எட்டயபுரம் என்றால் எல்லோருக்கும் பாரதியார் நினைவுக்கு வருவார். அடுத்தபடியாகச் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர். சங்கீதம் தெரிந்தவர்கள் முத்துசாமி தீட்சிதரின் சமாதியைச் சொல்வார்கள். அந்த முத்துசாமி தீட்சிதருடைய பாட்டுகளும் அவருடைய குடும்பக் கதையும் இன்றைக்கு நம் கைக்குக் கிடைக்கக் காரணமாக இருந்த சுப்பராம தீட்சிதரைச் சொல்பவர்கள் குறைவு.

எனக்குச் சங்கீதம் பெரிதாகத் தெரியாது. மார்கழியில் ரேடியோ கேட்பதோடு சரி. ஆனால் பொறுப்பாகக் கணக்கு எழுதியவரைக் கண்டால் எனக்குத் தெரியும்.

குடும்பத்தின் வழி

இந்தக் குடும்பத்தின் வேர் நம் கரிசல் காட்டில் இல்லை. வேலூருக்குப் பக்கத்திலுள்ள விரிஞ்சிபுரம்தான் அவர்களுக்குப் பூர்வீகம். போர்க் காலக் குழப்பத்தில் அங்கிருந்து கிளம்பி, கும்பகோணம் பக்கமுள்ள கோவிந்தபுரத்துக்கு வந்தார்கள். 1735-ல் பிறந்த ராமசாமி தீட்சிதர்தான் சங்கீதத்தைக் குடும்பத் தொழிலாக்கியவர். தஞ்சை நாயக்கர் காலத்தில் 72 மேளங்களுக்கு இலக்கணம் வகுத்த வேங்கடமகி என்ற பெரிய பண்டிதரின் வழிவந்த வேங்கட வைத்தியநாத தீட்சிதரிடம் அவர் படித்தார். இன்றைக்குக் கச்சேரிகளில் அடிக்கடி கேட்கும் ஹம்சத்வனி ராகத்தை உண்டாக்கியவர் இந்த ராமசாமி தீட்சிதர்தான்.

பிறகு அவர் திருவாரூரில் குடியேறினார். வெகு காலம் பிள்ளை இல்லாமல் இருந்து, வைத்தீஸ்வரன் கோயிலில் வேண்டிக்கொண்ட பின் பிறந்த மூத்த மகனுக்கு அந்தக் கோயில் முருகன் பெயரையே வைத்தார். அவர்தான் முத்துசாமி தீட்சிதர். அடுத்து சின்னசாமி, பாலாம்பாள் என்ற பெண், கடைசியாக 1786-ல் பாலுசாமி.

சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் முத்துகிருஷ்ண முதலியார் என்ற செல்வந்தர் ராமசாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு அழைத்துப் போய் ஆதரித்தார். கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியம் வாசிப்பதைக் கேட்டு வளர்ந்த பாலுசாமிக்கு வயலின் மேல் ஆசை வந்தது. ஒரு ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டு, அந்த வாத்தியத்தில் நம் கர்நாடக சங்கீதத்தை வாசிக்க ஆரம்பித்தார். இன்று பக்கவாத்தியத்துக்கு வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடிகிறதா? அந்த வழக்கத்துக்கு முதல் வரவு வைத்தவர்களில் பாலுசாமியின் பெயர் முன்னால் நிற்கிறது.

கரிசல் மண்ணுக்கு வந்த கதை

அப்பா 1817-ல் காலமானார். சின்னசாமியும் பாலுசாமியும் மதுரைப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். 1823-ல் சின்னசாமியும் இறந்துபோனார். அண்ணனை இழந்த பாலுசாமி ராமேசுவரத்துக்குத் தீர்த்த யாத்திரை போனார். அவருடைய வாசிப்பைக் கேள்விப்பட்ட எட்டயபுரம் ஜமீன்தார் தம் ஊருக்கே அழைத்து வந்து அரண்மனை வித்வானாக வைத்துக்கொண்டார்.

எட்டயபுரம் ஜமீன் திருநெல்வேலிச் சீமையிலேயே பெரிய ஜமீன். அரண்மனைக்காரர்கள் தெலுங்கு பேசும் கம்பளத்து நாயக்கர்கள். தமிழ்ப் புலவர்களையும் ஆதரித்தார்கள், சங்கீத வித்வான்களையும் ஆதரித்தார்கள். மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் விதைக்கிற இந்தக் காட்டில், காவிரிக்கரைச் சங்கீதம் வேர் பிடித்தது அவர்கள் தயவில்தான்.

தம்பிக்கு அரண்மனையில் கல்யாணம் நடக்கப் போகிறது என்று கேள்விப்பட்டு முத்துசாமி தீட்சிதர் எட்டயபுரத்துக்குக் கிளம்பி வந்தார். வரும் வழியில் வறண்டு கிடந்த பூமியைப் பார்த்து மனம் இளகி, அமிர்தவர்ஷினி ராகத்தில் பாடி மழையை வரவழைத்தார் என்று ஒரு கதை உண்டு. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். மழைக்கு ஏங்குகிற எங்கள் பக்கத்து ஆட்கள் அந்தக் கதையை விடவே மாட்டார்கள்.

1835 அக்டோபரில், தீபாவளி நாளில், முத்துசாமி தீட்சிதர் எட்டயபுரத்தில் காலமானார். அவருக்கு மகன் இல்லை. பாலுசாமிக்கும் மகன் இல்லை. வேங்கடமகி காலத்து ஏடுகள், ராமசாமி தீட்சிதரின் பாட்டுகள், முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் எல்லாம் வயதான பாலுசாமி ஒருவர் கையில் மிஞ்சி நின்றன. லாக்கர் நிறையப் பொருள் இருக்கிறது, நாமினி காலத்தில் பெயர் இல்லை.

தத்துப் பிள்ளை

பாலுசாமி தீட்சிதரின் மகள் அன்னபூரணி. மருமகன் சிவராம ஐயர். அவர்களுக்கு 1839-ல் ஒரு மகன் பிறந்தான். அந்தப் பேரனைச் சிறு வயதிலேயே எட்டயபுரத்துக்குக் கொண்டுவந்து, பாலுசாமி தமக்கு மகனாகத் தத்து எடுத்துக்கொண்டார். அவர்தான் சுப்பராம தீட்சிதர். தாய் வழித் தாத்தாவே சட்டப்படி அப்பா ஆனார்.

ஒரு குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துத் தத்து எடுப்பது லேசான காரியம் இல்லை. பாலுசாமி ஒரு வாரிசை மட்டும் தேடவில்லை, ஒரு மாணவனையும் தேடினார் என்றுதான் எனக்குப் படுகிறது. பையனுக்குச் சமஸ்கிருதமும் தெலுங்கும் கற்பித்தார்கள். வீணையும் வாய்ப்பாட்டும் பாலுசாமியே சொல்லிக்கொடுத்தார். முத்துசாமி தீட்சிதர் இறந்தது 1835. சுப்பராமர் பிறந்தது 1839. பெரிய தாத்தாவை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. பாலுசாமி இறந்தது 1859. இந்த இருபது வருஷ இடைவெளிக்குள்தான், அதிலும் விவரம் தெரிந்த பதினைந்து வருஷத்துக்குள்தான், ஒரு தலைமுறையின் சங்கீதம் முழுவதும் கை மாறியது. கணக்கை ஒப்படைக்கிற நேரத்தில் ஒருவர் சொல்லாமல் விட்டாலோ மற்றவர் குறித்துக்கொள்ளாமல் விட்டாலோ பிறகு கேட்க ஆள் இல்லை.

பதினேழு வயதில் சுப்பராமர் தர்பார் ராகத்தில் ஒரு வர்ணம் செய்து அரண்மனையில் பாடினார். ராஜாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்த வயதுப் பையனால் இது முடியுமா, பாலுசாமி செய்து கொடுத்திருப்பாரோ என்று நினைத்தார். உடனே யமுனா கல்யாணியில் ஒரு ஜதிஸ்வரம் புதிதாகச் செய்யச் சொன்னார். பையன் செய்து காட்டினான். ராஜா மகிழ்ந்து பரிசு கொடுத்தார். இருபது வயதுக்குள் ஆஸ்தான வித்வான் பதவியும் வந்தது. அடுத்து பாலுசாமி காலமானார். அன்று முதல் அந்தப் பெட்டகத்துக்கு ஒரே சாவி, ஒரே ஆள்.

நாற்பது வருஷ மௌனம்

அதன் பிறகு ஏறக்குறைய நாற்பது வருஷம் அவர் அந்த ஊரிலேயே இருந்தார். ராஜாக்கள் மாறினார்கள். இவர் பாடினார், வீணை வாசித்தார், வர்ணங்களும் கீர்த்தனைகளும் ராகமாலிகைகளும் இயற்றினார். அரண்மனையில் பிறந்த தமிழ்ப் பாட்டுகளுக்கும் இசை அமைத்தார். தம் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார். பெரிய தாத்தாவின் நினைவாக அந்த மகனுக்கு முத்துசாமி என்றே பெயர். ஊரில் அம்பி தீட்சிதர் என்று அழைத்தார்கள்.

அந்தக் காலத்தில் வித்தையை எழுதி வெளியே கொடுக்கும் வழக்கம் இல்லை. அதைப் பேராசை என்று சொல்லிவிட முடியாது. குருவிடம் உட்கார்ந்து காதால் கேட்டுப் படித்தால்தான் பாட்டு பாட்டாக இருக்கும் என்று உண்மையாகவே நம்பினார்கள். எழுத்தில் பார்த்துப் பாடினால் திரிந்துபோகும் என்று பயந்தார்கள். இன்னொரு காரணமும் இருந்திருக்கும். வித்வான் குடும்பத்துக்கு நிலம் நீச்சு எல்லாம் அந்த வித்தைதான். முதலைத் தூக்கிக் கடைத்தெருவில் வைத்துவிட்டால் நாளைக்குப் பிள்ளைகள் எதை வைத்துப் பிழைப்பார்கள்? வணிகவியல் படித்த எனக்கு இந்தப் பயம் நன்றாகவே புரிகிறது.

கதவைத் தட்டியவர்

கதவைத் தட்டியவர் சென்னைக்காரர். ஏ. எம். சின்னசாமி முதலியார். கிறிஸ்தவர், எம்.ஏ. படித்தவர், சென்னையில் அரசாங்கச் செயலகத்தில் சூப்பிரண்டெண்டாக இருந்தவர். மேல்நாட்டுச் சங்கீதமும் தெரியும், நம் சங்கீதமும் தெரியும். நம் பாட்டுகளெல்லாம் எழுத்தில் இல்லாமல் அழிந்துவிடுமே என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. தியாகராஜர் முதலானவர்களின் கீர்த்தனைகளைச் சேகரித்து, ஐரோப்பிய இசைக்குறியில் எழுதி, 1890-களில் சொந்தப் பணத்தைப் போட்டு அச்சிட்டார்.

முத்துசாமி தீட்சிதரின் பாட்டுகளுக்கு ஆதாரம் எங்கே இருக்கிறது என்று விசாரித்தபோது எட்டயபுரத்தைக் காட்டினார்கள். சுப்பராம தீட்சிதரைச் சென்னைக்கு வரவழைத்துச் சில கீர்த்தனைகளைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஆனால் மொத்தமும் வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்குள் அவருக்குக் கண் பார்வை மங்கத் தொடங்கிவிட்டது. வாழ்நாள் வேலை பாதியில் நிற்கிறது, எழுதக் கண் இல்லை.

1899-ல் எட்டயபுரத்தில் புது ராஜாவின் பட்டாபிஷேகம் நடந்தது. முதலியார் அந்தச் சமயத்தில் எட்டயபுரத்துக்கே போய்விட்டார். ராஜாவிடம் விண்ணப்பம் வைத்தார். உங்கள் ஆஸ்தானத்து வித்வானிடம் இருப்பதையெல்லாம் அவரே எழுதிப் புத்தகமாக வர வேண்டும், அதை நீங்கள்தான் செய்ய முடியும் என்பது அந்த விண்ணப்பத்தின் சாரம். ராஜாவும் ஒப்புக்கொண்டு தீட்சிதரிடம் சொன்னார்.

சுப்பராம தீட்சிதருக்கு அப்போது அறுபது வயது. இந்த வயதை நானும் கடந்து வந்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு மின்சார பில்லைத் தேடி எடுக்கவே எனக்கு அலுப்பாக இருக்கிறது. அவரோ வாழ்நாள் முழுவதும் பூட்டி வைத்திருந்ததைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து, சரிபார்த்து, எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்த பின் அது அவருடைய குடும்பத்துச் சொத்தாக இருக்காது. யார் வேண்டுமானாலும் புத்தகத்தை விரித்துப் பாடலாம். ராஜா சொன்னால் வித்வான் மறுப்பது கஷ்டம் என்பது வாஸ்தவம். பேருக்குக் கொஞ்சம் எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்கலாமே? அவர் அப்படிச் செய்யவில்லை என்பதற்குப் புத்தகமே சாட்சி.

ஆயிரத்து எழுநூறு பக்கம்

புத்தகத்தின் பெயர் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி. 1904-ல் எட்டயபுரத்திலேயே, வித்யா விலாசினி அச்சுக்கூடத்தில் அச்சாகி வெளிவந்தது. ஏறக்குறைய 1,700 பக்கம். நம் கரிசல் காட்டில், பஞ்சு மூட்டையும் மிளகாய் மூட்டையும் ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டிகள் போய்க்கொண்டிருந்த ஊரில், அப்படிப்பட்ட ஒரு புத்தகம் அச்சேறியது என்பதே பெரிய விஷயம். தெலுங்கு எழுத்தில் அச்சிட்டார்கள். அன்றைக்குச் சங்கீத வித்வான்களுக்குப் பொதுவான எழுத்து அதுதான். அரண்மனை மொழியும் அதுதான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். 72 மேளத்தையும் வரிசைப்படி எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொரு மேளத்தின் கீழும் அதைச் சேர்ந்த ராகங்கள். ஒவ்வொரு ராகத்துக்கும் முதலில் இலக்கணம், அடுத்து பழைய கீதம், தானம், அடுத்து கீர்த்தனைகள், கடைசியில் அந்த ராகம் எப்படி நடமாடும் என்று காட்டத் தாமே எழுதிய சஞ்சாரி. தலைப்பு, உபதலைப்பு, வரவு, விவரம், மொத்தம் என்று நாங்கள் லெட்ஜர் எழுதுவது போலவே இருக்கிறது. முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் மட்டும் 229. ராமசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி, தியாகராஜர் என்று மற்றவர்களின் உருப்படிகளும் உண்டு. எட்டயபுரம் ராஜா இயற்றிய பாட்டும் உண்டு.

இதில் இன்னொரு நுட்பமான வேலை இருக்கிறது. நம் பாட்டில் ச ரி க ம என்று ஸ்வரத்தை மட்டும் எழுதினால் பாட்டு வராது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்படி வழுக்கிப் போவது, எங்கே அசைப்பது, எங்கே அழுத்துவது என்பதுதான் பாட்டுக்கு உயிர். அதற்குக் கமகம் என்று பெயர். குரு பாடிக் காட்டி மாணவன் பிடித்துக்கொள்கிற விஷயம் அது. அதையும் எழுத்தில் கொண்டுவருவதற்காக ஒவ்வொரு வகை அசைவுக்கும் ஒரு குறி வைத்து, ஸ்வர எழுத்துக்கு மேலே அந்தக் குறிகளைச் சேர்த்து அச்சிட்டார்கள். எழுதினால் திரிந்துபோகும் என்ற பழைய பயத்துக்கு அவர் சொன்ன பதில் இதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். திரிந்துபோகாதபடி எழுதிவிட்டார்.

மறுவருஷமே, 1905-ல், ஆரம்பப் பாடம் படிக்கிற பிள்ளைகளுக்காகத் தனியாக ஒரு சிறு புத்தகமும் போட்டார்.

மனிதர்களின் பட்டியல்

என்னைக் கவர்ந்த பகுதி இதுதான். பாட்டுகளோடு நிறுத்திக்கொள்ளாமல், பாட்டுக்குப் பின்னால் இருந்த மனிதர்களின் சரித்திரத்தையும் அந்தப் புத்தகத்தில் எழுதினார். பழங்காலத்துச் சார்ங்கதேவரில் தொடங்கி, எழுபதுக்கு மேற்பட்டவர்களின் வாழ்க்கைக் குறிப்புகள். யாருடைய மகன், எந்த ஊர், யாரிடம் படித்தார், யார் ஆதரித்தார்கள், என்ன இயற்றினார் என்ற விவரங்கள்.

எட்டயபுரத்தில் வம்சாவளி எழுதுவது புதிதில்லை. 1879-லேயே அரண்மனையின் வம்ச வரலாறு வம்சமணி தீபிகை என்ற பெயரில் வந்துவிட்டது. கவிகேசரி சாமி தீட்சிதர் எழுதியது. அதைத் திருத்தி நல்ல தமிழில் எழுதித் தருகிறேன் என்று 1919-ல் பாரதியாரே ராஜாவுக்கு எழுதிக் கேட்டார். அது நடக்கவில்லை. ராஜாக்களுக்கு வம்ச வரலாறு எழுத எப்போதும் ஆள் இருக்கும். பாடுகிறவர்களுக்கும் வாசிக்கிறவர்களுக்கும் யார் எழுதுவார்கள்? பதம் பாடிய க்ஷேத்ரக்ஞர், வர்ணம் செய்த பச்சிமிரியம் ஆதியப்பையர், முத்துசாமி தீட்சிதரிடம் படித்த தஞ்சாவூர் நட்டுவனார் குடும்பத்துப் பொன்னையா என்று பல குடும்பங்களைச் சேர்ந்தவர்களுக்கும் சுப்பராம தீட்சிதரின் பேரேட்டில் பக்கம் உண்டு. தம் குடும்பத்துக் கதையையும் எழுதினார். தாம் தத்துப் பிள்ளை என்பதையும் மறைக்கவில்லை.

முத்துசாமி தீட்சிதரைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்த செய்திகளில் பெரும்பகுதிக்கு மூலம் இந்தப் புத்தகம்தான். காசிக்குப் போனது, திருத்தணியில் பாட ஆரம்பித்தது, தம்பியைத் தேடி எட்டயபுரம் வந்தது எல்லாம் பாலுசாமி சொல்லி, சுப்பராமர் கேட்டு, புத்தகத்தில் ஏறியவை.

ஒரு சின்ன கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முத்துசாமி தீட்சிதர் மன்மத வருஷம் பங்குனி மாதம் கிருத்திகை நட்சத்திரத்தில் பிறந்தவர். பல புத்தகங்களில் 1775 என்று போட்டிருப்பார்கள். மன்மத வருஷம் 1775 சித்திரையில் தொடங்குகிறது, சரி. ஆனால் பங்குனி அந்த வருஷத்தின் கடைசி மாதம். ஆகவே ஆங்கிலக் கணக்குக்கு அது 1776 மார்ச். வங்கியில் இருந்தவர்களுக்கு இது உடனே புரியும். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கினால், ஆண்டுக் கணக்கு முடிக்கிற மார்ச் மாதம் அடுத்த காலண்டரில்தானே வரும்? அவர் இறந்த 1835 தீபாவளியும் மன்மத வருஷம்தான். அறுபது வருஷச் சுற்று ஒன்று அப்படியே முடிந்திருக்கிறது. பிறந்த வருஷமும் மாதமும் நட்சத்திரமும் குடும்பத்தில் ஒருவர் குறித்து வைத்ததால்தான், இத்தனை காலத்துக்குப் பிறகு நாம் உட்கார்ந்து கூட்டிக் கழிக்க முடிகிறது. என் பூட்டிக்கு ஒரு வருஷமும் இல்லை, ஒரு நட்சத்திரமும் இல்லை.

இரண்டே வருஷம்

புத்தகம் வந்து இரண்டு வருஷத்தில், 1906-ல், சுப்பராம தீட்சிதர் காலமானார். பாரதியார் அவருக்காக இரங்கற்பா பாடினார். 1904-ல் வேலைக்காக எட்டயபுரத்தை விட்டுக் கிளம்பிய இளைஞருக்கு, சொந்த ஊர் வித்வானின் சாவு அந்த அளவுக்கு வலித்திருக்கிறது.

நான் இந்தத் தேதிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். 1899-ல் முதலியார் கிளம்பி வந்தார். 1904-ல் புத்தகம். 1906-ல் ஆசிரியர் இல்லை. முதலியார் இன்னும் ஏழெட்டு வருஷம் தாமதித்திருந்தாலோ, ராஜா பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தாலோ, தீட்சிதர் முடியாது என்று பிடிவாதம் பிடித்திருந்தாலோ, என்ன மிஞ்சியிருக்கும்? மகன் அம்பி தீட்சிதருக்குத் தெரிந்ததும், வேறு சீடர் குடும்பங்களில் இருந்ததும் மிஞ்சியிருக்கும். இத்தனை ராகங்களும், இத்தனை கமகக் குறிகளும், இத்தனை மனிதர்களின் பெயர்களும் ஒரே இடத்தில் மிஞ்சியிருக்காது. ஒரு கிறிஸ்தவ அதிகாரி, ஒரு நாயக்கர் ஜமீன்தார், ஒரு பிராமண வித்வான் என்று மூன்று பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்ட காசோலை அது. ஒரு கையெழுத்து குறைந்திருந்தாலும் பணம் வந்திருக்காது.

வித்தையை வெளியே கொடுத்துவிட்டால் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்ற பயத்துக்கும் காலம் பதில் சொல்லிவிட்டது. அம்பி தீட்சிதர் பிற்காலத்தில் சென்னைக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். புத்தகம் இருந்ததால் அவருக்கு மதிப்பு குறையவில்லை. பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த டி. எல். வேங்கடராம ஐயர் அவரிடம் படித்தார். டி. கே. பட்டம்மாள் அவரிடம் படித்தார். பட்டம்மாள் பாடிய தீட்சிதர் கீர்த்தனைகள் ரெக்கார்டிலும் ரேடியோவிலும் வீடு வீடாகப் போயின. சங்கீத சம்பிரதாய பிரதர்சினியைச் சென்னை மியூசிக் அகாடமி பிற்பாடு தமிழ் எழுத்தில் பாகம் பாகமாக வெளியிட்டது. தெலுங்கு தெரியாதவர்களுக்கும் கதவு திறந்தது. இன்றைக்கும் ஒரு ராகத்தைப் பற்றி வித்வான்களுக்குள் வழக்கு வந்தால், அந்தப் புத்தகத்தைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள்.

லாக்கரில் வைத்த நகை அப்படியே கிடக்கும், வட்டி தராது. வெளியே விட்ட முதல்தான் வட்டி தரும். இதை எங்களுக்குக் கல்லூரியில் முதல் வருஷமே சொல்லிக்கொடுத்தார்கள். சுப்பராம தீட்சிதர் அறுபது வயதுக்கு மேல் அதைச் செய்து காட்டினார்.

நம்மால் ஆனது

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிறவர்கள், பாரதி பிறந்த வீட்டையும் மணிமண்டபத்தையும் பார்த்துவிட்டு அப்படியே முத்துசாமி தீட்சிதர் சமாதிக்கும் போய் வாருங்கள். அங்கே நிற்கும்போது, தம் பெரிய தாத்தாவைக் கண்ணால் காணாமலே அவரை நமக்கெல்லாம் காட்டிக் கொடுத்த அந்தத் தத்துப் பேரனையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

என் பங்குக்கு நான் ஒரு நோட்டு வாங்கிவிட்டேன், நீளமான கணக்கு நோட்டு. சோலைசாமி கோயிலுக்கு எப்போதும்வென்றான் போனபோது, எண்பது வயது தாண்டிய என் அத்தையைப் பார்த்துவிட்டு வந்தேன். பூட்டியின் பெயர் அத்தைக்குத் தெரிந்திருந்தது. எந்த ஊரிலிருந்து வந்தவள் என்பதும் தெரிந்திருந்தது. பெயரைச் சொல்லிவிட்டு, இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் இதைக் கேட்டதில்லையே என்று வருத்தப்பட்டார்கள். அப்பா நோட்டில் இருந்த மற்றவை போனது போனதுதான். ஆனால் முதல் வரி எழுதியாகிவிட்டது. பேத்தியின் சார்ட்டிலும் ஒரு கிளையில் ஒரு பெயர் கூடியிருக்கிறது. டீச்சர் மார்க் போட்டு முடித்துவிட்டார், பரவாயில்லை.

நம் குடியிருப்பில் எழுபது, எண்பது வயதுப் பெரியவர்கள் ஒவ்வொரு பிளாக்கிலும் இருக்கிறார்கள். சாயங்காலம் வாசல் பக்கத்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள். கேட்டதை அன்றைக்கே எழுதி வையுங்கள். விருப்பம் உள்ளவர்கள் ஒரு பக்கம் எழுதிச் சங்கச் செயலாளரிடம் கொடுத்தால், அடுத்த இதழிலிருந்து ஒவ்வொன்றாகப் போடலாம் என்று அவரிடம் கேட்டிருக்கிறேன்.

— பி பிளாக், இரண்டாம் மாடி. ஓய்வு பெற்ற வங்கி எழுத்தர்